தோமஸ் என்கோனோவின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வெள்ளவத்தை அம்மா:
வணக்கம். என் மகனுக்கு 12 வயது. பள்ளிக்கூட அணியில் நடுவில் விளையாடியவன், இந்தத் தவணையிலிருந்து கோல் காப்பாளராக நிற்கப் போகிறானாம். இத்தாலியின் கோல் காப்பாளர் பஃபோனும் 12 வயதில்தான் கமரூன் கோல் காப்பாளர் ஒருவரைப் பார்த்து மாறினார் என்கிறான். உண்மையா? அவர் யார்?

கொட்டாஞ்சேனை கோலி:
உண்மைதான் அக்கா. தோமஸ் என்கோனோ. பஃபோன் தன் மூத்த மகனுக்கு லூயிஸ் தோமஸ் என்று பெயர் வைத்ததே அவர் நினைவாகத்தான்.

1990 உலகக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தைப் பக்கத்து வீட்டு டிவியில் பார்த்தேன். இங்கே இரவு ஒன்பதரை மணி. எதிரில் மரடோனாவின் ஆர்ஜென்டினா. அன்று கோலில் நிற்க இருந்தவர் கமரூனின் இன்னொரு கோல் காப்பாளர் பெல். கடைசி நேரத்தில் அவரை எடுத்துவிட்டு என்கோனோவை இறக்கினார்கள். கமரூனில் இரண்டு பேருக்குச் சிவப்பு அட்டை, ஒன்பது பேரோடு ஆட்டம் முடிந்தது. ஆனாலும் 1-0 வெற்றி. உயரப் பந்து வந்தால் கூட்டத்துக்குள் பாய்ந்து முஷ்டியால் குத்தி விரட்டுவார். அந்தத் துணிச்சலைப் பார்த்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அவருடைய நீளக் களிசானும் மறக்காது. நாங்கள் விளையாடியது கிரவல் மைதானத்தில். ஒரு தடவை பாய்ந்தால் முழங்கால் தோல் போய்விடும். அடுத்த வாரமே அப்பாவின் பழைய களிசானை வெட்டித் தைத்துப் போட்டுக்கொண்டேன். கோலில் நிற்க யாரும் விரும்பாத எங்கள் ஒழுங்கையில், அதற்குப் பிறகு மூன்று பேர் போட்டி போட்டோம்.

ஆனால் என்னைக் கேட்டால், 1982 தான் அவருடைய உச்சம். ஸ்பெயினில் மூன்று ஆட்டம், மூன்றும் சமநிலை, வாங்கியது ஒரே ஒரு கோல். இத்தாலிக்கும் அதே மூன்று புள்ளிகள்தான். ஒரு கோல் அதிகமாக அடித்திருந்ததால் இத்தாலி முன்னேறியது, கிண்ணத்தையும் வென்றது. அந்த ஒரு கோலை நினைத்தால் இன்றும் மனம் ஆறாது.

மட்டக்குளி ரசிகன்:
அண்ணா சொன்னதோடு இதையும் சேருங்கள். 1979, 1982 இரண்டு தடவையும் ஆபிரிக்காவின் சிறந்த வீரர் அவர்தான். 1982 உலகக் கிண்ணம் முடிந்ததும் பார்சலோனாவின் எஸ்பான்யோல் கழகம் அவரை எடுத்தது. ஐரோப்பியக் கழகங்களுக்கான 1988 யூஏஃபா கிண்ண இறுதியில் முதல் ஆட்டம் 3-0 வெற்றி, மறு ஆட்டம் ஜெர்மனியில் 0-3, கடைசியில் தண்ட உதையில் தோல்வி. பிறகு அதே கழகத்தில் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கமரூனின் இன்னொரு கோல் காப்பாளரான கமேனியும் அங்கே விளையாடியவர்தான்.

வெள்ளவத்தை அம்மா:
மிக்க நன்றி தம்பிமார். மகனுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறான்: கிரவலில் பாயும்போது முழங்கைக்கு என்ன செய்தீர்கள்?

கொட்டாஞ்சேனை கோலி:
பழைய காலுறையின் பாதத்தை வெட்டிவிட்டு, இரண்டு மடிப்பாகக் கையில் ஏற்றிக்கொள்வோம். முதலில் புல்லில் பக்கவாட்டாக விழப் பழகச் சொல்லுங்கள். முழங்கையை ஊன்றி விழக் கூடாது.