தாழமுக்க அறையா, எதிர்மறை அழுத்த அறையா?

திருகோணமலை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். தாதியரும் சிற்றூழியரும் வி.ஆர். (கணினி உருவாக்கும் காட்சியுலகம்) கண்ணாடி போட்டுத் தனிமைப்படுத்தல் அறையில் பழகுவதற்கான பாடம், வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். காசநோய், சின்னமுத்து (தட்டம்மை) நோயாளருக்கான அறை. உள்ளே காற்றமுக்கம் நடைபாதையைவிடக் குறைவு, அதனால் கதவைத் திறந்தாலும் காற்று உள்நோக்கித்தான் போகும். முந்தைய வரைவில் 'எதிர்மறை அழுத்த அறை' என்று இருக்கிறது. வைக்கலாமா? வி.ஆருக்கு என்ன போடுவது?

சென்னை:
மெய்நிகர். தொல்காப்பியர் உவமவியலில் 'நிகர்ப்ப' என்பதை மெய்ப்பால் உவமத்தில், அதாவது வடிவு பற்றி வரும் உவமையில் வைக்கிறார். மெய் என்றால் உடம்பும்தான். கண்ணாடி போட்டவர் வெறும் காற்றில் கதவுப்பிடியைத் தேடிக் கை நீட்டுகிறாரே, அதைவிடப் பொருத்தம் வேண்டுமா? 'மெய்நிகர் உண்மை' மட்டும் வேண்டாம், மெய்யை இருமுறை சொல்வதாகும். எதிர்மறை அழுத்தம் இருக்கட்டும், எல்லாருக்கும் விளங்கும்.

திருகோணமலை, தாதியர் பயிற்றுநர்:
> எல்லாருக்கும் விளங்கும்
ஐயா, மருத்துவமனை விடுதியில் நெகட்டிவ் என்றால் நோய் இல்லை என்று அர்த்தம். கதவில் 'எதிர்மறை' என்று கண்டால் தொற்றில்லாத அறை என்று நினைத்து முகக்கவசமில்லாமல் நுழைந்துவிடுவார்கள். அமுக்கம் அங்கே எதிர்மறையாகவும் இல்லை, நடைபாதையைவிட 2.5 பாஸ்கல் குறைந்தாலே போதும். தாழமுக்கம் என்று போடுங்கள் தம்பி. மாரி வந்தால் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்று வானொலியில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், காற்று அதை நோக்கித்தான் ஓடும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. கதவின் கீழ் இடுக்கில் மெல்லிய ரிசுத் தாள் கீற்றைப் பிடிக்கச் சொல்வேன், அது உள்ளே இழுபட்டால் அறை சரி. கண்ணாடிக்குள்ளும் அந்தப் பயிற்சி கட்டாயம் வேண்டும்.

சென்னை:
தாழமுக்கம் என்றால் புயல் நினைவுதான் வரும். தமிழ்நாட்டில் அமுக்கம் என்ற சொல்லே பழக்கமில்லை. குறையழுத்த அறை?

ரொறன்ரோ:
உள்ளீர்ப்பறை. ஈர்த்தல் தூய தமிழ், வேலையையும் சொல்லிவிடுகிறது.

திருகோணமலை, தாதியர் பயிற்றுநர்:
அழகுதான். ஆனால் என்புமச்சை (எலும்பு மஜ்ஜை) மாற்றிய நோயாளருக்கு நேர்மாறான அறை, காற்று வெளியே தள்ளப்படும். அதற்கு வெளித்தள்ளறையா? தாழமுக்கத்துக்கு உயரமுக்கம் புவியியல் பாடத்திலேயே சோடியாக இருக்கிறதே.

திருகோணமலை, மொழிபெயர்ப்பாளர்:
சரி, தாழமுக்க அறை, மெய்நிகர்ப் பயிற்சி என்று அனுப்புகிறேன். இனி 'தனிமைப்படுத்தல்': 2020இல் வீட்டுக்குள் இருக்கச் சொன்னதற்கும் அதே சொல்தானே, பிரிக்க வழி உண்டா?

சென்னை:
தனிப்படுத்தல்? தமிழ்நாட்டுப் பதிப்பு வந்தால் குறையழுத்தம்தான், என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.