சைபை குவாட்: கௌசியன் தொகையீட்டுக்குப் பூஜ்ஜியம் வருகிறது, பிழையும் 0.0 என்கிறது

கேள்வி:
எக்ஸ்ப்(−எக்ஸ்²) என்ற, 0-இல் முகடு கொண்ட மணி வடிவச் சார்பை −10000 முதல் 10000 வரை குவாட் (பைதானின் சைபை நூலகத்தில் தொகையிடும் கட்டளை) கொண்டு தொகையிடுகிறேன். √π, அதாவது 1.77245385 வர வேண்டும். வருவதோ 1.975 × 10⁻²⁰³, பிழை மதிப்பீடு 0.0. எச்சரிக்கையும் இல்லை. எல்லைகளை ±15 ஆகக் குறுக்கினால் சரியாக வருகிறது. லிமிட்டை (துண்டுகளின் உச்சவரம்பு) 50-லிருந்து 1000 ஆக்கினேன், எப்ஸ்ஏபிஎஸ்ஸை (அனுமதிக்கும் பிழை அளவு) 10⁻¹² ஆக்கினேன், மாற்றமில்லை. என்ன காரணம்?

பதில்:
குவாட்டுக்குள் ஓடுவது குவாட்பேக் என்ற தொகையீட்டு நிரல் தொகுப்பு. ஒவ்வொரு துண்டிலும் காஸ்–குரோன்ராட் விதிப்படி 21 புள்ளிகளில்தான் அது சார்பை மதிப்பிடும். முதல் சுற்றில் நடுப்புள்ளி 0, எனவே முகடு சிக்குகிறது. பிழையை மதிப்பிட அவற்றில் 10 புள்ளிகளை மட்டும் வைத்தும் ஒரு விடை காண்கிறது; 10 புள்ளி விடையும் 21 புள்ளி விடையும் ஒத்துவராததால் இடைவெளியை இரண்டாக வெட்டுகிறது. கெடுவது அங்கேதான்! [0, 10000] துண்டில் 0 ஓரமாகிவிட்டது. இந்த விதி ஓரப்புள்ளியைத் தொடாது. அதற்கு மிக அருகே உள்ள புள்ளி 21.714. அங்கே சார்பின் மதிப்பு 1.689 × 10⁻²⁰⁵. அதைத் துண்டின் அரைநீளம் 5000, விதி அந்தப் புள்ளிக்குத் தரும் எடை 0.011695 இரண்டாலும் பெருக்கி, இரு பாதிக்குமாக இரட்டித்துப் பாருங்கள்: உங்கள் 1.975 × 10⁻²⁰³ அப்படியே வரும்.

இரு பாதியும் தட்டையாகத் தெரிவதால் வேலை முடிந்ததென்று நின்றுவிடுகிறது. லிமிட்டை எட்டவே இல்லை. ஃபுல்_அவுட்புட்=1 கொடுத்து நெவால் எண்ணை (சார்பை எத்தனை முறை மதிப்பிட்டது) பாருங்கள், 63 இருக்கும்: 21 × 3, அதாவது முழு இடைவெளியும் இரு பாதிகளும்.

தீர்வு: இடைவெளியை எங்கே வெட்ட வேண்டும் என்று சொல்லும் பாயிண்ட்ஸ்=[−10, 10] சேருங்கள். முகடு தனித் துண்டாகிவிடும்.

கேள்வி:
நன்றி, நெவால் 63தான். பாயிண்ட்ஸ் கொடுத்ததும் சரியாகிவிட்டது. எல்லைகளை முடிவிலி ஆக்கினாலும் 1.7724538509 வருகிறது. எப்போதும் அப்படியே கொடுத்துவிடலாமா?

இன்னொரு பதில்:
வேண்டாம். முகடு 0-இல் இருப்பதால்தான் அது பலிக்கிறது. முடிவிலி எல்லை வந்தால் டி என்ற புது மாறியைக் கொண்டு எக்ஸ் = (1−டி)/டி என்று மாற்றி, 0 முதல் 1 வரையிலான இடைவெளிக்குள் மடித்து 15 புள்ளி விதியைப் போடுகிறது; புள்ளிகள் 0-வைச் சுற்றியே நெருங்கி விழும். எக்ஸ்ப்(−(எக்ஸ்−5000)²) கொடுத்துப் பாருங்கள், சத்தமில்லாமல் 0.0 தரும். முடிவிலி எல்லையோடு பாயிண்ட்ஸ் சேர்க்கவும் முடியாது.

முகடு எங்கே, அகலம் எவ்வளவு என்று தெரிந்தால் மாறியை மாற்றுவதுதான் உறுதியான வழி: யு = (எக்ஸ் − மையம்)/அகலம். விடையை அகலத்தால் பெருக்க மறக்காதீர்கள், பலர் தவறுவது இந்த இடத்தில். முகடு இருக்குமிடம் தெரியாவிட்டால் முதலில் சார்பை நெருக்கமான கட்டத்தில் வரைந்து தேடுங்கள். எம்பிமேத் என்ற இன்னொரு பைதான் நூலகத்தில் எல்லைகளையே [−10000, −10, 10, 10000] என்று பட்டியலாகக் கொடுக்கலாம்.