ஒன்ஃபைல் எக்ஸ்இ தன்னோட சொந்த பாத்தையும் பேரையும் எப்படி எடுக்கும்?

பீனியாவாசி:
பெங்களூரு பீனியால ஒரு சின்ன ஃபேக்டரிக்கு எடை மெஷின் ரீடிங்கை எடுத்து லேபிள் பிரிண்ட் பண்ற புரோகிராம் பைத்தான்ல எழுதியிருக்கேன். காம் போர்ட், பிரிண்டர் பேரு எல்லாம் பக்கத்துலயே இருக்கற கான்ஃபிக் ஃபைல்ல. என் லேப்டாப்ல __ஃபைல்__ (ஸ்கிரிப்ட் எங்க இருக்குன்னு சொல்றது) வச்சு பாத் எடுத்தா ஜம்முனு ஓடுது, பைஇன்ஸ்டாலர்ல (பைத்தான் புரோகிராமை எக்ஸ்இ ஆக்கற டூல்) எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கற ஒன்ஃபைல் எக்ஸ்இ ஆக்கி அங்க போட்டா கான்ஃபிக்கே இல்லைங்குது. பிரிண்ட் பண்ணிப் பார்த்தா டெம்ப் ஃபோல்டருக்குள்ள _எம்இஐ-னு ஆரம்பிச்சு ஏதோ நம்பர், அதுவும் ஒவ்வொரு தடவையும் மாறுது. சரின்னு கெட்சிடபிள்யூடி (புரோகிராம் இப்ப எந்த ஃபோல்டர்ல நிக்குதுன்னு சொல்றது) போட்டேன், டபுள் கிளிக்ல ஓகே, ஆனா கரண்ட் போய் வந்தா தானா கிளம்பணும்னு டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டா சிஸ்டம்32-ங்குது. சூப்பர்வைசர் கன்னடத்துல திட்ட ஆரம்பிச்சுட்டாரு. பேரும் வேணும், ஏன்னா ஒரே எக்ஸ்இயை லைன்1, லைன்2-னு ரீநேம் பண்ணி வச்சிருக்காங்க, அதை வச்சுதான் லாக் பிரிக்கணும்.

சில்க்போர்டு சிக்னல்:
சிஸ்.ஆர்க்வி-ல (புரோகிராமை கிளப்பின கமாண்டோட லிஸ்ட்) முதல் ஐட்டம் எடுங்க ப்ரோ, முடிஞ்சுது.

பைட்டு பரோட்டா:
அதை நம்பாதீங்க. அது யார் புரோகிராமை கிளப்பினாங்களோ அவங்க குடுக்கற வெறும் ஸ்ட்ரிங், முழு பாத்தா இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல. ஒன்ஃபைல்னா ஓடும்போது எல்லாத்தையும் டெம்ப்ல பிரிச்சுப் போட்டு அங்க இருந்துதான் ரன் ஆகும், அதான் __ஃபைல்__ அங்க காட்டுது. உங்களுக்கு வேண்டியது சிஸ்.எக்ஸிக்யூட்டபிள், ஓடற எக்ஸ்இயோட முழு பாத். ஆனா சும்மா போட்டா உங்க லேப்டாப்ல பைத்தான்.எக்ஸ்இ இருக்கற இடத்தை காட்டும், அதனால சிஸ்.ஃப்ரோஸன் (எக்ஸ்இயா ஓடுதுன்னு காட்டற அடையாளம்) இருக்கான்னு கெட்ஆட்டர்ல முதல்ல செக் பண்ணுங்க, இருந்தா எக்ஸிக்யூட்டபிள், இல்லன்னா __ஃபைல்__. அதை பாத்லிப்ல (பாத்தை பிரிச்சுத் தர்ற பைத்தான் லைப்ரரி) போட்டா பேரன்ட் ஃபோல்டரைத் தரும், ஸ்டெம் எக்ஸ்டென்ஷன் இல்லாத பேரைத் தரும், உங்க லைன்1 வந்துரும். லோகோ, லேபிள் டெம்ப்ளேட்னு எக்ஸ்இக்குள்ளயே பேக் பண்ணதுக்கு மட்டும் பழைய __ஃபைல்__ பாத்தே சரி, அதை மாத்திடாதீங்க.

கோரமங்களா கோடர்:
சி, சி++ ஆளுங்க யாராவது இங்க வந்தா: விண்டோஸ்ல கெட்மாட்யூல்ஃபைல்நேம், முதல் ஆர்க்யுமென்ட் நல். பஃபர் 260 எழுத்துதான்னு வச்சா நீளமான பாத் பாதியில வெட்டுப்படும், ரிட்டர்ன் வேல்யூ பஃபர் சைஸுக்கு சமமா வந்தா பெருசாக்கி திரும்ப கூப்பிடணும். லினக்ஸ்ல /ப்ராக்/செல்ஃப்/எக்ஸ்இ-யை ரீட்லிங்க் பண்ணுங்க, கடைசி நல் எழுத்தை அது போடாது, நாமதான் போடணும். ஓடிட்டு இருக்கும்போது பைனரியை டெலீட் பண்ணிட்டா பாத் பின்னாடி டெலீட்டட்னு ஒட்டிக்கிட்டு வரும், ஆட்டோ அப்டேட் எழுதறவங்க இதுல நல்லா மாட்டுவாங்க. கோ-ல 1.8-ல இருந்து ஓஎஸ்.எக்ஸிக்யூட்டபிள் இருக்கு, டாட்நெட் 6-ல என்விரான்மென்ட்.ப்ராசஸ்பாத்.

பீனியாவாசி:
ஃப்ரோஸன் செக் போட்டதும் வேலை செஞ்சுது, பேரும் சரியா வருது. ஆனா எக்ஸ்இயை ப்ரோகிராம் ஃபைல்ஸ்ல வச்சிருக்காங்க, லாக் எழுதப் போனா பர்மிஷன் டினைடு.

பைட்டு பரோட்டா:
அட்மின் இல்லாம அங்க எழுத விடாதுங்க. கான்ஃபிக் படிக்க மட்டும்தானே, அது அங்கயே இருக்கட்டும், லாக்கை ப்ரோகிராம்டேட்டால உங்க பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதுல தள்ளுங்க.