கடுமையாக வந்து தணிந்த தலைவலி: அக்காவைப் பற்றி ஓர் அவசரக் கேள்வி

கும்பகோணம் வாசகி:
என் அக்காவுக்கு வயது 46. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஞாயிறு காலை தோசை வார்த்துக்கொண்டிருந்தவர், பின்மண்டையில் யாரோ ஓங்கி அடித்தாற்போல் இருக்கிறது என்று சொல்லி, தோசைக்கரண்டியைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். பக்கத்து மருத்துவர் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டதில் மாலைக்குள் வலி குறைந்தது. புதன்கிழமையான இன்று கழுத்து விறைத்துத் தலையைக் குனிய முடியவில்லை என்கிறார். எங்கள் அப்பா மூளையில் இரத்தக்குழாய் வெடித்து இறந்தவர் என்பதால் மனம் நிலைகொள்ளவில்லை.

நரம்பியல் பிரிவுச் செவிலி:
இதைப் படித்தவுடன் 108-ஐ அழையுங்கள், சகோதரி. ஒற்றைத் தலைவலி பெரும்பாலும் மெல்ல மெல்ல ஏறும். அனியூரிசம், அதாவது மூளை இரத்தக்குழாய்ச் சுவரில் பலூன்போல் புடைக்கும் வீக்கம், கசியும்போதோ வெடிக்கும்போதோ வரும் வலி ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிடும். வலி தணிந்ததை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறு கசிவு தானாக நின்று, சில நாட்களிலோ வாரங்களிலோ பெரிதாக வெடிப்பதுண்டு. மருத்துவமனையில் தலைவலி என்று மட்டும் சொல்லாமல், அது எந்த நொடியில் தொடங்கி எவ்வளவு விரைவில் உச்சத்துக்குப் போனது என்பதைச் சொல்லுங்கள். முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சி.டி. ஸ்கேனில் இரத்தம் அநேகமாகத் தப்பாது. மூன்று நாள் கழித்து எடுத்தால் ஒன்றுமில்லாததுபோல் தெரியலாம். அப்போது முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீர் எடுக்க வேண்டும் என்பார்கள், பயந்து மறுத்துவிடாதீர்கள்.

மதுரைக்காரர்:
என் தந்தைக்குத் தலைவலி பெரிதாக இல்லை. வலது கண்ணிமை சரிந்தது. டார்ச் அடித்தபோது அந்தக் கண்ணின் மணி மட்டும் சுருங்காமல் அகன்றே நின்றது. கண் மருத்துவர் அன்றே மூளை இரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராமுக்கு அனுப்பினார். வீங்கிய குழாய், கண்ணை அசைக்கும் மூன்றாம் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. வெடிக்கும் முன்பே அந்த வீக்கத்தைக் கிளிப் போட்டு மூடிவிட்டார்கள். ஆனால் பெரும்பாலோருக்கு வெடிக்காத வீக்கம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை, பலருக்கு அது வெடிப்பதும் இல்லை. ஆகவே சாதாரணத் தலைவலிக்கெல்லாம் யாரும் கலங்க வேண்டாம்.

கும்பகோணம் வாசகி:
அன்றிரவே தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. முதுகில் எடுத்த நீர் மஞ்சளாக இருந்தது, இரத்தம் கசிந்ததன் அடையாளமாம். ஆஞ்சியோகிராமில் வீக்கம் தெரிந்து, நேற்றுத் தொடை வழியாகக் குழாய் செலுத்திக் ‘காயில்’ எனும் மெல்லிய கம்பிச் சுருளை வைத்து அடைத்திருக்கிறார்கள். அக்கா பேசுகிறார், காபி கேட்டார். அப்பா, அக்கா என இருவருக்கு வந்துவிட்டதால் என்னையும் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார் மருத்துவர். அடுத்த வாரம் போகிறேன்.