களிமண் மேல் புல்தரை: மணலா, மட்கா?

ஈரமண்: பத்து வருடப் புல்தரை, அடியில் சுத்தக் களிமண். மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது; வெயிலில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. புல்லைப் பெயர்க்காமல் மண்ணைத் திருத்த முடியுமா?

வரப்போரம்: பருமணலை ஓர் அங்குலம் பரப்புங்கள். என் தரையில் இப்போது காலில் சேறு ஒட்டுவதே இல்லை.

பச்சைக்கால்: தயவுசெய்து வேண்டாம். மேலே சேறு ஒட்டாது, சரி. கீழே? களிமண் துகள் 0.002 மி.மீ.க்கும் சிறியது, மணலின் சந்துகளில் புகுந்து அடைத்துக்கொள்ளும். பாதிக்கு மேல் மணலாக இருந்தால்தான் மண்ணின் குணம் மாறும். அரைகுறையாகக் கலந்தால் காய்ந்ததும் செங்கல்தான்.

வரப்போரம்: கலக்கச் சொல்லவில்லையே! குழல்முனைக் கருவியால் 8 செ.மீ. ஆழத்துக்கு மண்ணை உருவிவிட்டு, அந்தத் துளைகளிலும் மணலை நிரப்ப வேண்டும். விளையாட்டுத் திடல்களில் அப்படித்தானே செய்கிறார்கள்?

பச்சைக்கால்: நல்ல திடல்களுக்கு அடியில் வடிகால் இருக்கும். இங்கே துளையின் அடியும் களிமண். இறங்கிய தண்ணீர் அங்கேயே தேங்கும். துளை போடுங்கள், ஆனால் நன்கு மட்கிய உரத்தைச் சலித்து நிரப்புங்கள். வேர் அதைத் தேடி இறங்கும், மண்புழு வரும். மேலே அரை செ.மீ. போதும், புல்நுனி வெளியே தெரிய வேண்டும்.

வரப்போரம்: மட்கு ஓரிரு வருடத்தில் கரைந்துவிடும். மணல் நிலைத்து நிற்கும்.

பச்சைக்கால்: கரைவதால்தான் மண் பொலபொலப்பாகிறது. வருடாவருடம் போட வேண்டும், அந்த வேலைக்குத் தயாராக இருங்கள்.

ஈரமண்: ஜிப்சம்?

பச்சைக்கால்: சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான். ஜிப்சத்திலுள்ள கால்சியம் சோடியத்தை விலக்கும். மண்ணைப் பரிசோதிக்காமல் போடாதீர்கள்.

ஈரமண்: இன்று ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். வேர் இரண்டு விரற்கடைகூட இறங்கவில்லை. அதற்குக் கீழே சாம்பல் நிறம், சாக்கடை வாடை.

வரப்போரம்: காற்றே போகவில்லை என்று அர்த்தம். மணலோ மட்கோ, முதலில் துளை போடுங்கள். இதில் எனக்கும் அவருக்கும் சண்டையில்லை.

பச்சைக்கால்: ஆனால் இப்போது வேண்டாம். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் உருட்டுங்கள். கயிறாகத் திரிந்தால் ஈரம் அதிகம். துளையின் சுவர் மெழுகியதுபோல் அடைபட்டுவிடும். திரிக்கும்போதே உதிர்ந்தால் பதம்.

ஈரமண்: திரித்தேன். சுண்டுவிரல் நீளத்துக்குக் கயிறாகவே வந்தது. காத்திருக்கிறேன்.