புதுப்பிப்பு: உள்ளூர் டெம்போவை விட்டுவிட்டு வடமாநிலங்களுக்கு ஓடும் வடக்கு லைன் லாரிக்குப் போகலாமா?

மூன்று மாதம் முன்பு இப்படிக் கேட்டிருந்தேன். "உடம்பு தாங்காது, போகாதே" என்றுதான் பாதிப் பேர் சொன்னீர்கள். போய்விட்டேன். நாமக்கல் கம்பெனி ஒன்று. சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி இந்தூர், திரும்புகையில் பூண்டு.

உடம்பு தாங்குகிறது. தாங்காதது காத்திருப்புதான். போன நடையில் குடோன் வாசலில் மூன்று நாள் நின்றோம். சக்கரம் ஓடினால்தான் எங்களுக்குப் பேட்டா, அதாவது படிக்காசு. நின்றால் கைக்காசில் அரிசி, பருப்பு. வண்டி நிழலில் ஸ்டவ் வைத்துக் குழம்பு கொதிக்க, கண்ணாடியில் கட்டிய கயிற்றில் லுங்கி காயும். முதலாளியிடம் கேட்டால், "அடுத்த நடையில பாத்துக்கலாம்ப்பா." சரி, பார்ப்போம்.

கூட வரும் பெரியண்ணன் டீக்கு நிறுத்தும்போதெல்லாம் இரும்பு ராடால் டயர்களைத் தட்டச் சொல்வார். 'ணங்' என்றால் காற்று இருக்கிறது. 'தொப்' என்றால் இறங்கிவிட்டது. இரட்டை டயரில் உள்பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரியாதே.

தொப்பூர் மலை இறக்கம் பற்றிப் பயமுறுத்தியவருக்கு நன்றி. தருமபுரி தாண்டிச் சேலம் நோக்கி இறங்கும்போது, டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை நானே பார்த்தேன். இஞ்சின் பிடிப்பு போய், முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து, அது சூடேறினால் பிடிக்காது. நான் கீழ் கியரில்தான் இறக்குகிறேன்.

ஏசி கேட்டவருக்கு: புதிதாகத் தயாராகும் லாரிகளுக்குத்தான் ஏசி கேபின் கட்டாயம். எங்களுடையது பழசு. ஈரத் துண்டுதான்.

நாளை மறுபடி லோடு.