குடும்பக் குழுவில் மாட்டு ஏப்பம்

பெரியப்பா: யாரோ அனுப்பிய செய்தி இது: "மாடு விடும் வாயுவால் பூமி சூடாகிறது, இனி மாட்டுக்கும் வரி." மாடு வளர்ப்பவனை நிம்மதியாக விடவே மாட்டார்களா?

கயல்: அந்த வரி டென்மார்க்கில், 2030 முதல். நமக்கில்லை பெரியப்பா. ஆனால் வாயு விஷயம் உண்மை. பெரும்பகுதி ஏப்பமாக வாய் வழியேதான் போகிறது.

சித்தி: சாப்பிடும் நேரத்தில் இந்தப் பேச்சா?

மாமா: ஏப்பம் போனால் எனக்கென்ன நட்டம்?

கயல்: நட்டமே உங்களுக்குத்தான் மாமா. முதல் வயிற்றில் தீவனம் நொதிக்கும்போது வரும் ஹைட்ரஜனை அங்குள்ள நுண்ணுயிரிகள் மீத்தேனாக்கிவிடுகின்றன; பூமியைச் சூடாக்கும் வாயு அதுதான். தீவன ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் இப்படிக் காற்றோடு போகிறது. பிண்ணாக்கு விற்கும் விலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாமா: இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! தடுக்க வழி?

கயல்: பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து மற்றும் உடலியங்கியல் நிறுவனம் 'ஹரித் தாரா' என்று தீவனத்தோடு சேர்க்கும் ஒன்றைத் தயாரித்திருக்கிறது. டானின் என்னும் துவர்ப்புச் சத்துள்ள தாவரப் பொருள்களால் ஆனது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம் குறையும் என்கிறார்கள். அதற்கு முன்பு அவர்கள் செய்த 'டாமரின் பிளஸ்' புளியங்கொட்டைத் தோலால் ஆனது.

அத்தை: கொட்டை மாவு மில்லில் கழித்துத் தள்ளும் தோலா? கேட்டால் மில்காரரே அள்ளிக்கொண்டு போகச் சொல்வார்.

மாமா: நாளைக்கே ஒரு மூட்டையைத் தொட்டியில் கொட்டிவிடுகிறேன்.

கயல்: ஐயோ, வேண்டாம்! டானின் அளவு மீறினால் மாடு தீவனத்தைக் குறைத்துவிடும். தின்ற புரதமும் சரியாகச் செரிக்காது. ஹரித் தாராவையே மூன்று மாத வயது தாண்டிய மாட்டுக்குத்தான் பரிந்துரைக்கிறார்கள்.

பெரியப்பா: பால் கூடுமா? அதைச் சொல்.

கயல்: மிச்சமாகும் ஆற்றலெல்லாம் பாலாகிவிடாது. இத்தனை லிட்டர் கூடும் என்று அடித்துச் சொல்லி எவராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

குமார்: கடற்பாசி தந்தால் 80 சதவீதம் குறையுமாமே அக்கா?

கயல்: அஸ்பராகோப்சிஸ் என்ற செம்பாசி. கலிஃபோர்னியாவில் இறைச்சிக் காளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021இல் முடிவு வெளிவந்தது. அதிலுள்ள புரோமோஃபார்ம்தான் வேலை செய்கிறது. அது பாலில் கலக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். அதோடு, கிருஷ்ணகிரியில் கடலுக்கு எங்கே போவாய்?

மாமா: சரி, பெங்களூரில் யாரைக் கேட்பது?

கயல்: எங்கள் கல்லூரிப் பேராசிரியரிடம் விசாரித்துச் சொல்கிறேன். அதற்குள் தாது உப்புக் கலவையைத் தினமும் போடுங்கள் மாமா. வாங்கிய பை பிரிக்காமலே கிடக்கிறதாம்.

மாமா: அதை யார் உனக்குச் சொன்னது?

அத்தை: நான்தான்.